நீரின் வரவு செலவுக் கணக்கு: சர்வகலாசாலைகளில் போதிக்கப்படும் ஜல சாஸ்திரமும் கிராம ஐக்கிய சங்கங்களும்

ஐக்கிய சங்கங்களின் கணக்குகளைப் பார்வையிடுவது என் உத்தியோகம். நாள்வழி, பேரேடு, ரொக்க இருப்பு ஆகிய மூன்றும் ஒத்திருந்தால், சங்கம் சீராக நடைபெறுகிறதென்று கையொப்பமிட்டுத் திரும்புவது வழக்கம். சில ஆண்டுகளுக்கு முன் ஏரிப் பாசனமுள்ள ஒரு கிராமத்தில் அவ்வாறே கையொப்பமிட்டேன். அவ்வாண்டு ஐப்பசி மழை நன்றாகப் பெய்திருந்தது. ஏரியில் நீர் நிறைந்து நின்றதைக் கண்ட அங்கத்தினர்கள், ஆயக்கட்டு முழுவதிலும் நெல் நடுவதற்குச் சங்கத்தில் கடன் பெற்றனர். பத்திரங்களில் குற்றமில்லை, ஜாமீனும் சரியாகவே இருந்தது. ஆனால் மாசி மாதம் முடிவதற்குள் ஏரி வற்றிவிட்டது. கடைமடை நிலங்களில் கதிர் வாங்கும் தருணத்தில் பயிர் காய்ந்தது. தலைமடைக்காரர் கடனைச் செலுத்தினர். கடைமடைக்காரர் தவணை தவறினர். அவர்களுக்கு ஜாமீன் நின்றவர்களும் கஷ்டத்துக்குள்ளாயினர். பணத்தின் கணக்கை ஒரு காசும் பிசகாமல் பார்த்த நான், அப்பணத்துக்கு ஆதாரமாகிய நீரின் கணக்கைக் கேட்கவேயில்லை. கேட்டிருந்தாலும் அதைச் சொல்லக்கூடியவர் அக்கிராமத்தில் ஒருவரும் இருந்திலர்.

நீருக்கும் கணக்கு எழுதும் முறை ஒன்று உண்டு என்பதையும், அம்முறை சர்வகலாசாலைகளில் ஒரு தனிச் சாஸ்திரமாகப் போதிக்கப்படுகிறது என்பதையும் பின்னரே அறிந்தேன். நான் மெட்ரிகுலேஷன் வரையில் மட்டும் வாசித்தவன். ஆயினும் அச்சாஸ்திரத்தின் அடிப்படையைச் சங்கக் கணக்குத் தெரிந்த எவரும் விளங்கிக்கொள்ளலாம் என்பதைக் கண்டமையால், அதனை நம் அங்கத்தினர்களுக்கு எடுத்துரைக்கத் துணிந்தேன்.

ஜல சாஸ்திரம் என்பது யாது?

மழையாக விழும் நீர் எங்கே போகிறது, எவ்வளவு போகிறது, எவ்வளவு நிற்கிறது என்று அளந்தறிவதே ஜல சாஸ்திரம். அவ்வாறு அறிந்த நீரைப் பயிருக்கும் குடிக்கும் தொழிலுக்கும் நியாயமாகப் பங்கிடுவது நீர் நிர்வாகம். இவ்விரண்டுக்கும் மூலமாயுள்ள விதி ஒன்றே: வரவிலிருந்து செலவைக் கழித்தால் மிகுவது இருப்பு. நம் சங்கத்து ரொக்கப் புஸ்தகத்தின் விதியும் இதுவேயன்றோ?

இவ்வளவு எளிய விதியையும் அளந்து நிரூபிக்க மனிதருக்கு நெடுங்காலம் பிடித்தது. ஐரோப்பாவில் 17 ஆம் நூற்றாண்டு வரையில், ஆறுகள் பெருகுவதற்கு மழை போதாது, கடல் நீரே பூமிக்குள் ஊடுருவி மலைகளில் ஊற்றாக வெளிப்படுகிறது என்று கற்றோரும் நம்பியிருந்தனர். பிரான்சு தேசத்தவராகிய பியேர் பெரோ என்பவர், ஸேன் நதியின் மேற்பகுதியில் பெய்யும் மழையையும், அங்கே நதியில் ஓடும் நீரையும் கணக்கிட்டுப் பார்த்தார். ஓடும் நீரைப்போல் ஏறக்குறைய ஆறு மடங்கு நீர் மழையாக விழுகிறதென்று கண்டு, 1674 ஆம் ஆண்டில் தம் நூலை வெளியிட்டார். நதி ஓடுவதற்கு மழையே போதும் என்பது மட்டுமன்று, மழையில் பெரும்பகுதி நதிக்கு வந்து சேருவதேயில்லை என்பதும் இதனால் வெளிப்பட்டது. விழுந்தது எல்லாம் ஏரிக்கு வரும் என்று எண்ணும் நம்மவர் இதனை ஊன்றி நினைக்கக்கடவர்.

ரூர்க்கி கலாசாலையின் வரலாறு

நம் தேசத்தில் இக்கல்வி வளர்ந்த விதத்தை அறிவதற்கு ரூர்க்கி நகரமே தக்க உதாரணம். 1837, 1838 ஆம் ஆண்டுகளில் வட இந்தியாவைப் பெரும் பஞ்சம் பீடித்தது. அதன் பின்னர், ஹரித்வாரத்தில் கங்கையிலிருந்து கால்வாய் வெட்டி யமுனைக்கும் கங்கைக்கும் இடைப்பட்ட நாட்டுக்குப் பாசனம் அளிக்கும் வேலையை ப்ரோபி காட்லி என்பவர் நடத்தினார். அவ்வேலைக்கு நிலம் அளப்பவரும், மட்டம் பார்ப்பவரும், மேற்பார்வை செய்பவரும் ஏராளமாக வேண்டியிருந்தனர். அவர்களைப் பயிற்றுவதற்காக 1847 ஆம் ஆண்டில் ரூர்க்கியில் ஒரு கலாசாலை ஏற்பட்டது. கங்கைக் கால்வாய் 1854 ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. அவ்வாண்டிலேயே கலாசாலைக்கு, அதனை ஆதரித்து மறைந்த லெப்டினன்ட் கவர்னர் தாமஸன் என்பவரின் பெயர் சூட்டப்பட்டது. 1949 ஆம் ஆண்டில் அது சர்வகலாசாலையாக உயர்ந்து, 2001 ஆம் ஆண்டில் இந்தியத் தொழில்நுட்பக் கழகங்களுள் ஒன்றாயிற்று.

தொடக்கத்தில் அங்கே முக்கியமாகக் கற்பிக்கப்பட்டது, கட்டும் வித்தை. கால்வாயை எந்தச் சரிவில் வெட்டுவது, கரையை எவ்வளவு அகலமாக எழுப்புவது, மதகை எப்படி அமைப்பது என்பனவே பாடங்கள். கட்டிய கால்வாயில் வரும் நீரைப் பற்றிய கல்வி தனித்துறையாக வளர்வதற்கு ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. 1955 ஆம் ஆண்டில், உத்தியோகத்திலிருக்கும் இஞ்சினீயர்களுக்காக நீர்வள அபிவிருத்திப் பயிற்சி நிலையம் ஒன்று அங்கே நிறுவப்பட்டது. ஆசிய, ஆப்பிரிக்க தேசங்களிலிருந்தும் மாணாக்கர் வந்து பயின்றனர். 1965 முதல் 1974 வரையிலுள்ள பத்தாண்டுகளை ஐக்கிய நாடுகளின் யுனெஸ்கோ ஸ்தாபனம் சர்வதேச ஜல சாஸ்திரப் பத்தாண்டாக அனுஷ்டித்தது. அதன் ஆதரவோடு 1972 ஆம் ஆண்டில் ரூர்க்கியில் ஜல சாஸ்திரத்துக்கென்றே உயர்தர வகுப்பு தொடங்கப்பட்டது. 1978 ஆம் ஆண்டில் தேசிய ஜல சாஸ்திர ஆராய்ச்சி நிலையமும் அந்நகரிலேயே ஏற்பட்டது.

தமிழ்நாட்டிலும் இக்கல்வி உண்டு. 1794 ஆம் ஆண்டில் சென்னையில் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கியதே பின்னர் கிண்டி இஞ்சினீயரிங் கலாசாலையாக வளர்ந்தது. 1978 ஆம் ஆண்டில் அண்ணா சர்வகலாசாலையில் சேர்ந்த அந்த ஸ்தாபனத்தில், நீர்வளத்துக்கென ஒரு தனி மையம் இருக்கிறது.

இவ்வரலாற்றிலிருந்து நாம் அறிய வேண்டுவது ஒன்று. கரையும் மதகும் நன்றாயிருந்தால் போதும், நீர் தானே வரும் என்று நாமும் எண்ணியிருக்கிறோம். பெட்டி உறுதியாயிருப்பது வேறு, பெட்டிக்குள் பணம் இருப்பது வேறு.

மாணாக்கர் கற்பது என்ன?

முதற்பாடம் வரவு, அதாவது மழை. வாயகலம் 5 அங்குலமுள்ள புனல் பொருத்திய மழைமானியில் நாள்தோறும் காலையில் சேர்ந்த நீரை அளந்து எழுதுகிறார்கள். இது நமக்குப் புதியதன்று. பண்டகசாலையில் மழையளக்கும் பாத்திரம் வைக்க வேண்டுமென்று கௌடிலியரின் அர்த்தசாஸ்திரமே கூறுகிறது. ஓர் அங்குல மழை என்றால் நம்மவர் அற்பமாக எண்ணுவர். ஒரு ஏகராவில் ஓர் அங்குலம் பெய்தால் 3,630 கன அடி நீர், அதாவது ஒரு லக்ஷம் லிட்டருக்குச் சற்று அதிகம். ஒரு சதுர மைலில் ஓர் அங்குலம் பெய்தால் 23,23,200 கன அடி.

இரண்டாவது பாடம் செலவு. நீரின் செலவுகளில் சில கண்ணுக்குத் தெரிபவை, சில தெரியாதவை. மதகின் வழியே செல்வது தெரிந்த செலவு. வெயிலிலும் காற்றிலும் ஆவியாய்ப் போவது தெரியாத செலவு. இதை அறிய 4 அடி விட்டமும் 10 அங்குல ஆழமுமுள்ள தகரத் தொட்டியில் நீர் நிரப்பி, நாள்தோறும் எவ்வளவு குறைகிறதென்று பார்க்கிறார்கள். தொட்டி சீக்கிரம் சூடேறுவதால் அதில் குறையும் அளவு ஏரியில் குறைவதைவிட அதிகம். அதனைப் பத்தில் ஏழு பங்கு அளவில் ஏரிக்குக் கணக்கிடுவது வழக்கம். பூமிக்குள் இறங்கும் நீர் மற்றொரு தெரியாத செலவு. ஆயினும் அது வீண் செலவன்று. கிணற்றின் பேரில் வரவு வைக்கப்படுவது.

மூன்றாவது பாடம், ஓடும் நீரை அளப்பது. வாய்க்காலின் குறுக்குப் பரப்பை நீரின் வேகத்தால் பெருக்கினால், ஒரு வினாடியில் செல்லும் நீர் கிடைக்கும். சர்வகலாசாலையில் இதற்கு நுட்பமான கருவிகள் உண்டு. கருவி இல்லாதவிடத்தில் ஒரு மரத்துண்டே போதும். வாய்க்கால் நேராயுள்ள இடத்தில் 100 அடி அளந்து, மரத்துண்டை நடு ஓட்டத்தில் மிதக்கவிட்டு, அது கடக்கும் நேரத்தைக் குறிக்க வேண்டும். 50 வினாடியில் கடந்தால் மேல்மட்ட வேகம் வினாடிக்கு 2 அடி. அடியிலும் ஓரத்திலும் ஓட்டம் மந்தமாயிருப்பதால் நூற்றுக்கு 85 பங்கை மட்டும் கொள்ள வேண்டும், அது 1.7 அடி. வாய்க்கால் 3 அடி அகலமும் 1 அடி ஆழமும் உள்ளதாயின் வினாடிக்கு 5.1 கன அடி செல்கிறது. இரவும் பகலும் ஒரு நாள் ஓடினால் அது 60 ஏகராவுக்கு 2 அங்குல உயரம் நீர் கட்டப் போதுமானது. தலைமடைக்கு எத்தனை நாழிகை, கடைமடைக்கு எத்தனை நாழிகை என்று வாய்ச்சண்டை செய்வதற்குப் பதில், இரண்டு இடத்திலும் மரத்துண்டை மிதக்கவிட்டுப் பார்த்தால் உண்மை விளங்கும்.

ஓர் ஏரியின் கணக்கு

இப்பாடங்களை ஒன்றுசேர்த்து ஓர் உதாரணம் பார்ப்போம். ஓர் ஏரிக்கு 2 சதுர மைல் நீர்ப்பிடிப்பு நிலம் இருப்பதாகவும், பருவத்தில் 20 அங்குல மழை பெய்ததாகவும் கொள்வோம். விழுந்த நீர் மொத்தம் 9,29,28,000 கன அடி. இதில் ஐந்தில் ஒரு பங்கே ஏரிக்கு வந்து சேர்ந்ததென்று வைத்துக்கொண்டால், வரவு 1,85,85,600 கன அடி. மண்ணின் தன்மை, சரிவு, மழை பெய்த வேகம் ஆகியவற்றுக்கேற்ப இப்பங்கு மிகவும் மாறும். வறண்ட பூமியில் விழும் முதல் மழை முழுவதையும் மண்ணே குடித்துவிடும்.

இனிச் செலவு. ஏரியில் சராசரியாக 60 ஏகரா பரப்பில் நான்கு மாதம் நீர் நின்று, 2 அடி உயரம் ஆவியாயிற்று என்றால் 52,27,200 கன அடி போயிற்று. மீதமுள்ள 1,33,58,400 கன அடியில் கரைக்கசிவிலும் வாய்க்கால் ஊறலிலும் கால்பங்கு கழிந்தால், நிலத்துக்குக் கிடைப்பது 1,00,18,800 கன அடி. நெல்லுக்கு நேரே விழும் மழை போக ஏரியிலிருந்து 2½ அடி நீர் வேண்டுமென்று கொண்டால், ஏகரா ஒன்றுக்கு 1,08,900 கன அடி செலவாகும். ஆகவே இந்த ஏரி நீர் 92 ஏகராவுக்கு மாத்திரமே போதும். ஆயக்கட்டு 150 ஏகராவாயின், 58 ஏகராவுக்கு அளித்த நெற்கடன் நீரில்லாத நிலத்துக்கு அளித்த கடனே. அந்த 58 ஏகராவிலும் கேழ்வரகோ உளுந்தோ விதைத்திருந்தால் மிகக் குறைந்த நீரிலேயே விளைந்திருக்கும். நான் மேலே கூறிய கிராமத்தில் நேர்ந்தது இத்தகையதே. இங்கே கண்ட தொகைகள் கணக்கின் வழியைக் காட்டுவதற்கேயன்றி, எல்லா ஏரிகளுக்கும் பொருந்துவன அல்ல. தத்தம் ஏரியின் தொகைகளைத் தத்தம் கிராமத்தாரே அளந்து கொள்ளல் வேண்டும்.

கலிங்கலை உயர்த்துவதால் வரும் கேடு

ஏரி போதவில்லை என்று கண்டவுடன் சிலர் கலிங்கலின் மேல் கல்லும் மண்ணும் அடுக்கி நீரை உயர்த்த முயல்கின்றனர். கலிங்கலின் நீளமும் உயரமும் மனம்போல் வைக்கப்பட்டவை அல்ல. வெள்ளத்தின் அளவைக் கணிக்க, ரைவ்ஸ் என்பவர் சென்னை மாகாணத்து நிலைமைகளைக் கொண்டு 1884 ஆம் ஆண்டில் ஒரு சூத்திரம் வகுத்தார். இன்றும் இஞ்சினீயரிங் மாணாக்கர் அதனைப் பயில்கின்றனர். அதன்படி கடற்கரைச் சமவெளியில் ஒரு சதுர மைல் நீர்ப்பிடிப்புக்கு வினாடிக்கு 450 கன அடியும், மலையடிவாரத்தில் 675 கன அடியும் பெருவெள்ளமாகக் கொள்ளப்படும். நீர்ப்பிடிப்பு 8 சதுர மைலானால் வெள்ளம் எட்டு மடங்காவதில்லை, நான்கு மடங்கே ஆகும்; பரந்த நிலத்தில் எங்கும் ஒரே சமயத்தில் கனமழை பெய்வதில்லையாதலாலும், தூரத்து நீர் தாமதித்து வருவதாலும் என்க. அப்படியும் சமவெளியில் வினாடிக்கு 1,800 கன அடி வந்து மோதும். அத்தனை நீரும் கலிங்கலின் வழியே வெளியேறவில்லையானால் கரையின் மேல் வழியும். மண்கரையின் மேல் வழிந்த நீர் கரையை அரித்துக்கொண்டே போகும். ஒரு சாண் நீரை ஆசைப்பட்டு ஏரி முழுவதையும் இழப்பது புத்திசாலித்தனமன்று. வண்டலை எடுப்பதும், வரத்துக்காலைத் தூர்வாருவதும், ஏரியின் உள்வாயை ஆக்கிரமிக்காதிருப்பதுமே வரவைப் பெருக்கும் நேர்வழி.

கிணற்றுக் கடன்

பூமிக்குள் இருக்கும் நீருக்கும் விதி உண்டு. ஹென்றி தார்ஸி என்னும் பிரெஞ்சு இஞ்சினீயர், மணல் நிரப்பிய குழாயில் நீரைச் செலுத்திப் பார்த்து, நீர்மட்டத்தின் வித்தியாசம் எவ்வளவு அதிகமோ அவ்வளவு வேகமாக நீர் ஊர்ந்து செல்லும் என்று 1856 ஆம் ஆண்டில் வெளியிட்டார். இதன் பொருள் நமக்கு எளிது. என் கிணற்றின் மட்டத்தை நான் ஆழ இறக்கினால், அண்டை வீட்டாரின் கிணற்றடியிலுள்ள நீர் என் பக்கம் ஊர்ந்து வரும். தமிழ்நாட்டின் பெரும்பகுதி கெட்டிப் பாறை நிலம். அங்கே நீர் இருப்பது மேலேயுள்ள சிதைந்த மண்ணிலும் பாறை வெடிப்புகளிலும் மாத்திரமே. ஆழத் தோண்டுவதால் புதிய நீர் பிறப்பதில்லை. பெரும்பாலும் பிறர் பங்கே நம்மிடம் வருகிறது. ஒருவர் கடன் வாங்கித் தோண்ட, மற்றவர் அதனினும் பெருங்கடன் வாங்கித் தோண்ட, ஈற்றில் எல்லோருடைய கிணறும் வற்றிக் கடன் மட்டும் நிற்பதைப் பல கிராமங்களில் காணலாம். ஒரே பெட்டியில் பலர் கைவைத்து எடுக்கிறார்கள்; எடுத்தது எவ்வளவு என்று எழுதுவார் ஒருவருமில்லை. சங்கமென்று ஒன்று ஏற்பட்டதே இத்தகைய கேட்டை நீக்குவதற்கன்றோ?

கிராமம் சாஸ்திரத்துக்குச் செய்ய வேண்டுவது

சர்வகலாசாலையிலிருந்து நாம் பெறுவதே உண்டு, கொடுப்பதற்கு ஒன்றுமில்லை என்று எண்ணற்க. சூத்திரங்களிலுள்ள 450, 675 போன்ற எண்கள் ஆகாயத்திலிருந்து விழுந்தவை அல்ல. பல இடங்களில் வெள்ளத்தை அளந்து எழுதியதன் பயனே அவை. அளவுக் குறிப்பு இல்லாத ஏரிக்கு எத்துணைக் கற்ற பேராசிரியரும் உத்தேசமே சொல்லக்கூடும். இருபது ஆண்டு மழைக்குறிப்பும் கிணற்று மட்டமும் எழுதி வைத்துள்ள கிராமத்துக்கு ஒரு மாணாக்கர் வந்தால், அவர் கல்வியும் பயன்படும், கிராமமும் பயன்பெறும்.

கணக்கெழுதும் பழக்கம் நமக்குப் புதியதன்று. முதற் பராந்தக சோழன் காலத்தில், 10 ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் பொறிக்கப்பட்ட உத்தரமேரூர்ச் சாசனங்கள், ஏரியைப் பார்க்க ஏரி வாரியம் என்றொரு சபை இருந்ததைக் கூறுகின்றன. அவ்வாரியங்களில் முன்பு இருந்து கணக்குக் காட்டாது போனவரும், அவருடைய நெருங்கிய உறவினரும் மறுபடி வாரியத்துக்கு வரலாகாது என்பது அச்சாசனத்து விதி. ஏரியும் கணக்கும் ஒன்றையொன்று பிரியாதவை என்று நம் முன்னோர் கண்டிருந்தனர்.

சங்கங்கள் செய்யத்தக்கவை

1. சங்கக் கட்டிடத்தின் வெளியில், மரமும் சுவரும் மறைக்காத இடத்தில் ஒரு மழைமானி வைத்து, நாள்தோறும் ஒரே நேரத்தில் அளந்து ஒரு புஸ்தகத்தில் எழுதுக. மழையில்லாத நாளிலும் சூனியம் என்று எழுதுதல் அவசியம்.

2. ஏரி மதகின் அருகே அடிக்கணக்குக் குறித்த அளவுக்கல் நட்டு, வாரந்தோறும் நீர்மட்டத்தைக் குறிக்க. நீர்பாய்ச்சும் ஊழியரே இதைச் செய்யலாம்.

3. ஊரில் நான்கு திசைகளிலும் நான்கு கிணறுகளைத் தெரிந்து, மாதம் ஒருமுறை, பம்பு ஓடாத அதிகாலையில், கயிறு விட்டு நீர்மட்டத்தை அளந்து எழுதுக.

4. பயிர்க்கடன் மனுக்களைக் கவனிக்கும் கூட்டத்தில், முதலில் ஏரியின் இருப்பைப் படித்து, எத்தனை ஏகரா நெல், எத்தனை ஏகரா புன்பயிர் என்று தீர்மானித்த பின்னரே கடன் அளிக்க. குறைகிற நீரைக் கடைமடையார் தலையில் மட்டும் சுமத்தாது, எல்லோரும் நெல்லைச் சிறிது குறைத்துக்கொள்வதே ஐக்கிய தர்மம்.

5. ஊரில் கணிதத்தில் விருப்பமுள்ள பிள்ளைகள், ஆண் பெண் இருபாலரும், இக்கல்வியை உயர்தர வகுப்பில் கற்பதற்கு ஊக்கமளிக்க. மழைமானிப் புஸ்தகத்தை எழுதும் பொறுப்பைப் பள்ளிச் சிறுவர் சிறுமியரிடம் ஒப்புவிப்பதே அதற்கு முதற்படி.

இவற்றுக்கு ஆகும் செலவு சொற்பம். ஒரு கடன் தவணை தவறுவதால் வரும் நஷ்டத்தைவிடக் குறைவு. ஒரே ஆண்டில் பெரும்பயன் தோன்றாது. ஐந்து ஆண்டு எழுதினால் ஏரியின் போக்கு விளங்கும்; பத்து ஆண்டு எழுதினால் ஐப்பசிக் கடைசியிலேயே மாசி மாதத்து இருப்பை ஏறக்குறைய மதிப்பிடலாம்.

இப்பொழுது நான் ஏரிப் பாசனமுள்ள சங்கத்துக்குச் செல்லும்போது, ரொக்கப் பெட்டியைத் திறக்கச் சொல்வதற்கு முன் மதகடிக்குப் போய்ப் பார்க்கிறேன். முதலில் குறிப்பிட்ட அக்கிராமத்திலும் அளவுக்கல் ஒன்று நட்டிருக்கிறார்கள். கடந்த பருவத்தில் ஏரி முக்கால் பங்கே நிரம்பியது. அங்கத்தினர்கள் கூடிப் பேசி, ஒவ்வொருவரும் தம் நிலத்தில் மூன்றில் ஒரு பங்கில் நெல் நடாமல் உளுந்து விதைத்தனர். அவ்வாண்டு கடைமடையிலும் நெல் அறுவடையாயிற்று. தவணை தவறியவர் எவருமிலர்.